வாதாபிஜித்: ஒரு தொகைச்சொல் வாக்கியமான வரலாறு – கொடும்பாளூர் மூவர்கோயில் கல்வெட்டை முன்வைத்து

ஆங்கில இலக்கணம் வாக்கியங்களைத் தனிநிலை, தொடர்நிலை, கலவை என வகுக்கிறது. எழுவாயும் முற்றுவினையும் கொண்ட உறுப்புகள் ஒரு வாக்கியத்துள் எத்தனை உள்ளன, அவற்றுள் எது தலைமையுறுப்பு, எது சார்புறுப்பு என்பதே இப்பகுப்பின் அடிப்படை. எவ்வகையாயினும் முற்றுவினையின்றி ஆங்கில வாக்கியம் நிறைவதில்லை. முற்றுவினை வரின் காலமும் உடன்வரும். பள்ளி இலக்கணமாக அறியப்பட்ட இச்செய்தி, கல்வெட்டு மொழிபெயர்ப்பில் வரலாற்றுச் சிக்கலாகவே மாறுகிறது.

முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி எச்சவினைகளை அடுக்கிச் சென்று மன்னன் பெயரிலும் ஆட்சியாண்டிலும் முடிவது. ஹுல்ட்சு தம் தஞ்சைக் கல்வெட்டுத் தொகுதியில் இதை ஆங்கிலமாக்கியபோது மன்னன் பெயரை முன்னிறுத்தி, வெற்றிகளையெல்லாம் அதனைத் தழுவும் சார்புறுப்புகளாக்கினார். நெடிய கலவை வாக்கியம் ஒன்று உருவாயிற்று. காந்தளூர்ச் சாலைச் செய்தி அதில் எச்சமாகவே நின்றது. நாடுகளை வென்ற செய்தியோ முற்றுவினை பெற்றது. ஆயினும் இங்கு மூலத்திலேயே வினைகள் இருந்தமையால் இழப்பு பெரிதன்று.

கொடும்பாளூரில் நிலை வேறு. மூவர்கோயிலில் இன்று இரு விமானங்கள் நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டுமே எஞ்சியுள்ளது. அங்குள்ள கிரந்த எழுத்து வடமொழிக் கல்வெட்டு, தொடக்கம் சிதைந்த நிலையில், இருக்குவேளிர் மரபை அடுக்கிக் கூறுகிறது. பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் தன் தேவியர் கற்றளி, வரகுணை ஆகியோர் பெயராலும் மூன்று விமானங்கள் எடுத்ததையும், மதுரையைச் சேர்ந்த மல்லிகார்ச்சுனருக்குப் பெரிய மடம் ஒன்றை அளித்ததையும், காளாமுகத் துறவியர் ஐம்பதின்மர் உணவுக்கு 11 ஊர்களை வழங்கியதையும் அது தெரிவிக்கிறது.

இவனுடைய பாட்டன் பரதுர்க்கமர்த்தனன். அவனுக்கு அமைந்த அடைமொழி ‘வாதாபிஜித்’. இது வாக்கியமன்று, தொகைச்சொல். ‘வாதாபியை வெல்பவன்’ எனினும் ‘வென்றவன்’ எனினும் தகும். காலங்காட்டும் உறுப்பு அதில் இல்லை. தமிழில் ‘மதுரை கொண்ட’ என்னும் பட்டம் அவ்வாறன்று. அது பெயரெச்சமாயினும் இறந்தகாலத்தை வெளிப்படையாகக் காட்டுகிறது. வடமொழித் தொகையை ஆங்கிலத்தில் ‘அவன் வாதாபியை வென்றான்’ என்னும் தனிநிலை வாக்கியமாக விரித்தபின், ‘எப்போது வென்றான்?’ என்ற வினா தவிர்க்க இயலாததாகிறது. விடையும் அருகிலேயே இருந்தது: முதலாம் நரசிம்மவர்மன் வாதாபியைக் கைப்பற்றிய 642.

இவ்விடை ஈர்ப்புடையது என்பதை மறுக்க இயலாது. பரதுர்க்கமர்த்தனனின் மகன் சமராபிராமன் அதிராசமங்கலப் போரில் ஒரு ‘சளுக்கி’யைக் கொன்றான் என்கிறது அதே கல்வெட்டு. முதலாம் விக்கிரமாதித்தன் 674இல் உறையூரில் பாசறை அமைத்திருந்ததைக் கத்வால் செப்பேடு காட்டுகிறது. தந்தைக்கு 642, மகனுக்கு 674 அளவில் ஒரு போர் என்றால் கணக்கு அழகாகவே பொருந்துகிறது. ஆனால் அடுத்த தலைமுறையில் அது உடைகிறது. சமராபிராமனின் மகனே பூதி. அவன் வீரபாண்டியனை வென்றவன். பல்லவர் படையின் குருதியால் காவிரி நீரைச் சிவப்பித்தவன். தன் மக்களுக்குப் பராந்தகன், ஆதித்தன் என்னும் சோழப் பெயர்களை இட்டவன். அவனை முதலாம் ஆதித்தன் (871–907) காலத்தவன் எனக் கொள்வாரும், சுந்தர சோழன் காலத்தவன் எனக் கொள்வாரும் உளர். முற்கூற்றை ஏற்றாலும் பாட்டனுக்கும் பேரனுக்கும் இடையே இரு நூற்றாண்டுகளுக்கு மேல் விழுகிறது. பிற்கூற்றை ஏற்பின் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள்.

இவ்விடைவெளியை நிரப்ப, விடுபட்ட தலைமுறைகளைக் கற்பித்துக்கொள்வதற்கு முன் அத்தொகைச்சொல்லின் அண்டையயலை நோக்குவது தகும். இதே மரபு வரிசையில் ‘பரவீரஜித்’ என்பது ஒரு முன்னோனின் பெயர். அமைப்பு அதுவே, ஈற்றுச்சொல்லும் அதுவே. ஆயினும் அவன் எந்தப் பகைவீரரை எந்த ஆண்டில் வென்றான் என்று எவரும் வினவியதில்லை. ‘பரதுர்க்கமர்த்தனன்’ என்பதற்கும் பகைவர் அரண்களை அழிப்பவன் என்பதே பொருள். அவ்வரண்களின் பட்டியலையும் எவரும் தேடவில்லை. ஒன்றைப் பெயராகவும் மற்றொன்றை நிகழ்ச்சியாகவும் கொண்டது கல்வெட்டின் இலக்கணமன்று, மொழிபெயர்ப்பின் இலக்கணம்.

வாதாபி ஒரு குறிப்பிட்ட ஊர். ‘பகைவீரர்’ என்பது போன்ற பொதுச்சொல்லன்று என மறுக்கலாம். அம்மறுப்பு வலுவானதே. அப்பட்டத்தின் பின்னே ஏதோவொரு படையெடுப்பு இருந்திருக்கக்கூடும். முன்னோர் ஈட்டிய புகழ் வழிவழியாகச் சூடப்பட்டிருக்கவும் கூடும். சமராபிராமனின் போருக்குக் களத்தின் பெயரைத் தந்த கல்வெட்டு, வாதாபிஜித்துக்கு உடன்சென்ற பல்லவ வேந்தன் பெயரையோ ஆண்டையோ தரவில்லை. 642 என்னும் எண் மூவர்கோயிற் சுவரில் இல்லை. அது ‘வென்றான்’ என்ற முற்றுவினையோடு உள்நுழைந்தது. ஆங்கில நூல்களிலிருந்து அவ்வாக்கியத்தைத் தமிழாக்குவோர் மீண்டும் ‘வாதாபிஜித்’ என்ற தொகைக்கே திரும்பிச் சென்றால், பூதியின் காலத்தை அவன் பகைவர், மக்கள், கட்டடப் பாணி ஆகியவற்றைக் கொண்டு தனித்தே ஆராய இடமுண்டாகும்.