அடிவாரத்தில் காவலிருந்த துறவி

பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாயைப் பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்தால், முழுவதும் கொட்டிவிடாமல் ஓர் உயரத்தில் நின்றுவிடுகிறது என்று இத்தாலியில் டாரிசெல்லி என்பவர் கண்டறிந்தார். அதைத் தாங்கி நிற்பது வெளிக்காற்றின் எடை என்றால், மலைமேல் காற்று குறைவு. பாதரசமும் இறங்கியாக வேண்டும். பாரிஸில் இருந்த பிளேஸ் பாஸ்கலுக்கு இதைச் சோதிக்க மலை இல்லை. அவருடைய அக்காள் கணவர் ஃபுளோரன் பெரியே இருந்த கிளெர்மோன் நகரத்துக்கு அருகில் பூய் தெ தோம் என்ற எரிமலைக் குன்று இருந்தது. அங்கே சோதித்துப் பார்க்கும்படி 1647 நவம்பரில் அத்தானுக்குக் கடிதம் எழுதினார் பாஸ்கல்.

1648 செப்டம்பர் 19. ஊரிலேயே ஏறத்தாழ மிகத் தாழ்வான இடமான துறவியர் மடத் தோட்டத்தில் பெரியே இரண்டு குழாய்களை நிறுத்தினார். இரண்டிலும் பாதரசம் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 71 சென்டிமீட்டர். ஒன்றைத் தோட்டத்திலேயே விட்டு, நாள் முழுக்கக் கண்காணிக்கும்படி ஷஸ்தேன் என்ற துறவியிடம் ஒப்படைத்தார். மற்றதோடு மலையேறினார். சுமார் ஆயிரம் மீட்டர் மேலே, பாதரசம் எட்டரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தது! நம்ப முடியாமல் அங்கிருந்த சிறு தேவாலயத்துக்குள், வெளியே, காற்றில், பனிமூட்டத்தில் என ஐந்து முறை அளந்தார். ஒரே விடை.

மலையேறியவரைவிட என் மனம் ஷஸ்தேனிடமே நிற்கிறது. வெயில், மழை, மூடுபனி என்று அன்று வானிலை மாறிக்கொண்டே இருந்தும் தோட்டத்துக் குழாயில் மாற்றமில்லை என்று அவர் சொன்ன பிறகுதான், இறக்கத்துக்குக் காரணம் உயரமே என்பது உறுதியானது.

பாதரசக் குழாயைத் தூக்கித் திரிவது பெரும்பாடு. 1844இல் லூசியன் விடீ என்பவர் அதற்குப் பதிலாக, உள்ளிருக்கும் காற்றை நீக்கிய மெல்லிய உலோகப் பெட்டியைப் பயன்படுத்தினார். வெளி அழுத்தம் குறைந்தால் பெட்டி உப்பும். அந்த மயிரிழை அசைவை நெம்புகோல்கள் பெருக்கி முள்ளை நகர்த்தும். விமானத்தின் உயரத்தைக் காட்டும் ஆல்டிமீட்டர் இதன் வாரிசு. ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா சென்ற பால் கோல்ஸ்மன் அதன் பற்சக்கரங்களைக் கடிகாரத் துல்லியத்துக்குக் கொண்டுவந்தார். 1929 செப்டம்பர் 24 அன்று விமானி ஜிம்மி டூலிட்டில், வெளியே எதுவும் தெரியாதபடி மூடிய இருக்கையில் அமர்ந்து, கருவிகளை மட்டுமே பார்த்துப் பறந்து தரையிறங்கியபோது அந்த ஆல்டிமீட்டரும் அவர் முன் இருந்தது.

ஆனால் கருவி அறிவது அழுத்தத்தை மட்டுமே. கடல் மட்டத்தருகே 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். புயல் நெருங்கி அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் சரிந்தால், விமானம் ஏறாமலே முள் 80 மீட்டர் ஏறிக் காட்டும். மலைச் சரிவில் அது உயிர்ப் பிரச்சினை. ஆகவே தரையிறங்கும் விமானிக்கு அந்த நேரத்து அழுத்தத்தைக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்கிறது. அவர் அதைத் திருப்பிச் சொல்லி, கருவியின் குமிழைத் திருகி, கோல்ஸ்மன் பெயர் தாங்கிய சிறு சன்னலில் அந்த எண்ணை வைக்கிறார். ஷஸ்தேன் தோட்டத்தில் பார்த்த வேலையை இன்று அந்தக் கோபுரம் பார்க்கிறது.