மின்விசைப் படகு மலசலகூடம்: மட்டக்களப்பு வாவிக்கான தெரிவு

மின்விசைப் படகு மலசலகூடம் என்பது பற்றரி மின்னில் இயங்கும் மோட்டரைக் கொண்டு கழிவை அரைத்தோ உறிஞ்சியோ படகினுள் இருக்கும் தாங்கிக்கு அனுப்பும் அமைப்பு. வீட்டில் வாளித் தண்ணீரின் எடையே கழிவை இறக்கிவிடும். படகில் கொமட் பெரும்பாலும் நீர்மட்டத்துக்குக் கீழேயோ சற்று மேலேயோ இருப்பதால் அப்படி இறங்க வழியில்லை, பம்பி தள்ள வேண்டும். கொமட், மோட்டர், ஒருவழி வால்வு, குழாய், தாங்கி எல்லாம் சேர்ந்ததே மலசலகூடம். வாங்க வருபவர் கண்ணில் படுவது கொமட் மட்டும்தான். மட்டக்களப்பு வாவியில் ஓடும் படகுக்கு முதலில் முடிவு செய்ய வேண்டியது தாங்கி. சத்தமும் உறுதியும் அதன் பிறகே.

வாவி ஏன் வேறுபடுகிறது

வடக்கே பங்குடாவெளிப் பக்கம் தொடங்கித் தெற்கே கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீற்றர் நீளம், 140 சதுர கிலோமீற்றரை ஒட்டிய பரப்பு, இருபுறமும் எழுவான்கரையும் படுவான்கரையும். ஆழம் மிகக் குறைவு. பல இடங்களில் கம்பு ஊன்றியே தோணியைத் தள்ளலாம். கடலோடு தொடர்பு இரண்டு இடங்களில் உண்டு: நகருக்கு அருகே பாலமீன்மடு முகத்துவாரம், தெற்கே கல்லாறு. மாரியில் வெள்ளம் மணல்திட்டை உடைத்துக்கொண்டு கடலில் விழும். வெள்ளம் வடியாத ஆண்டுகளில் முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். மழை ஓய்ந்ததும் அலைகள் மணலைக் கொண்டுவந்து வாயை ஒடுக்கும், சில காலம் அடைத்தும் விடும். அந்த மாதங்களில் வாவிக்குள் விழுந்தது வாவிக்குள்ளேதான் கிடக்கும். மட்டக்களப்பு மக்கள் உண்ணும் இறாலும் நண்டும் வளர்வது அதே நீரில்.

கப்பல் கழிவுக்கான உலக விதி மார்போல் உடன்படிக்கையின் நான்காம் இணைப்பு, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அரைத்துக் கிருமி நீக்கிய கழிவைக் கரையிலிருந்து 3 கடல்மைலுக்கு அப்பாலும், அப்படிச் செய்யாததை 12 கடல்மைலுக்கு அப்பாலும் மட்டுமே விடலாம் என்பது அதன் பொது அளவு. விதி பெரிய கப்பல்களுக்கானது, சர்வதேசப் பயணத்துக்கானது. ஆனாலும் அந்த அளவை வாவியின் மேல் வைத்துப் பார்ப்பது பயன் தரும். 3 கடல்மைல் என்றால் ஏறத்தாழ 5.5 கிலோமீற்றர். வாவியில் எந்தப் புள்ளியில் நின்றாலும் கரை அதைவிட மிகக் கிட்ட. ஆகவே கழிவை நேரே நீருக்குள் விடும் குழாயுடைய எந்த மலசலகூடமும் இங்கே தகுதியற்றது. அது எவ்வளவு நுண்ணியதாக அரைத்தாலும் சரி: அரைப்பதால் கிருமி சாவதில்லை, பரவத்தான் செய்கிறது. இலங்கையில் கடல் மாசைக் கவனிக்க 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்க, இறால் வலையின் பக்கத்தில் கழிவைத் திறந்துவிடுவது செய்யத்தகாத காரியம்.

கேரளத்தின் வேம்பநாட்டுக் காயல் இதற்கு நெருங்கிய சாட்சி. குட்டநாட்டு வயல்களுக்குள் உப்பு ஏறாமலிருக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணையைக் கோடையில் மூடுகிறார்கள். இங்கே மணல் செய்வதை அங்கே மதகு செய்கிறது. அந்தத் தேங்கிய நீரில் ஆலப்புழையின் படகுவீடுகள் பெருகியபோது கழிவு பெரும் சிக்கலாயிற்று. தாங்கிகளிலிருந்து இறைத்துச் சுத்திகரிக்கக் குப்பப்புறத்தில் ஒரு நிலையம் அமைக்க வேண்டி வந்தது. மட்டக்களப்பில் இராத்தங்கும் படகுகள் பெருகுமுன்பே கரையில் கழிவு வாங்கும் வசதியையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

சத்தம்

பறுவ இரவுகளில் கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பை நீரில் இறக்கி, அதன் மறுமுனையில் காதை வைத்து மீன்பாட்டுக் கேட்பது இந்த ஊரின் பழைய வழக்கம். 1924இல் கட்டி, ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரை இட்ட பாலம் அது. 2013இல் அருகே புதிய பாலம் வந்த பின்னும் பாட்டுக் கேட்க வருவோர் தேடுவது அந்த இடத்தையே. நீரில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,500 மீற்றர், காற்றில் இருப்பதைப்போல் நான்கு மடங்குக்கு மேல். படகின் அடியில் மோட்டர் அலறினால் பக்கத்துத் தோணியின் துடுப்பிலும் அது கேட்கும். இரவில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் படகுக்குச் சத்தமில்லாத மலசலகூடம் அவசியமான உறுப்பு.

சத்தம் எங்கிருந்து பிறக்கிறது என்பதைப் பொறுத்தே வகைகளைப் பிரிக்க வேண்டும். மலிவான, பரவலான வகையில் ஒரே மோட்டர் வெட்டும் அலகையும் இறப்பர்ச் சுழலியையும் சுழற்றும். வெளிநீரை உறிஞ்சும், அரைக்கும், தள்ளும். இறப்பர் இதழ்கள் உறையில் உரசியபடியே சுற்றுவதால் கரகரப்பு எழும். தரையோடு இறுக்கிய போல்ற்றுகள் வழியாக அதிர்வு பைபர் ஓட்டுக்குள் இறங்க, ஓடு உடுக்கைத் தோல்போல அதைப் பெருக்கிவிடும். கழிவு வெளியேறும்வரை பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டியிருப்பதால் சத்தமும் நீளும்.

இரண்டாம் வகையில் இறப்பர்ச் சுழலி இல்லை. உலோகக் கத்தியோடு கூடிய மையவிலக்குப் பம்பி சில விநாடிகளில் கொமட்டைக் காலிசெய்துவிடும். ஜாப்ஸ்கோவின் 'குவைட் பிளஷ்', டெக்மா, ராரிட்டனின் 'மரைன் எலிகன்ஸ்' ஆகியவை இந்த வழியில் வந்தவை. வீட்டுக் கொமட்டின் சத்தத்தைவிடச் சற்றே கூடுதல், அதுவும் சில விநாடிகளுக்கே.

மூன்றாவது வெற்றிட வகை. டொமெட்டிக்கின் 'வாக்கியூபிளஷ்' தெரிந்த பெயர். அறைக்குள் ஒரு 'புஸ்' ஒலியோடு வேலை முடிந்துவிடும், ஒரு தடவைக்கு அரை லீற்றர் அளவு நீர் போதும். ஆனால் இழந்த வெற்றிடத்தை மீட்கப் பம்பி தொலைவில் ஒரு நிமிடமோ கூடவோ ஓடும். ஏதாவது ஒரு வளையத்தில் மயிரிழைக் கசிவு இருந்தால், யாரும் பயன்படுத்தாமலே நள்ளிரவில் தானாக ஓடத் தொடங்கும். இந்த வகையை வாங்குபவர் கடைக்காரரிடம் கொமட்டின் ஒலியைக் கேட்டுத் திருப்திப்படாமல் பம்பியையும் ஓடவிட்டுக் கேட்க வேண்டும்.

எந்த வகையானாலும் அதிர்வைத் தாங்கும் இறப்பர் மெத்தைகளின் மேல் மோட்டரை ஏற்றுவதும், குழாய் பலகையைத் தொடாமல் கட்டுவதும் சத்தத்தை நன்றாக அடக்கும்.

உறுதி

பழுதுகளுக்குப் பெரும் காரணம் கொமட்டைக் கழுவும் நீர். வாவி நீர் மாரியில் நன்னீருக்கு நெருங்கி, கோடையில் உவர் ஏறி மாறிக்கொண்டே இருக்கும்; சேறும் பாசியும் ஆற்றுவாழைத் துணுக்குகளும் எப்போதும் உண்டு. ஆழமில்லாத இடத்தில் அடிப்பக்கத் துளை வழியே உறிஞ்சினால் மணலும் வந்து சுழலியை அறுக்கும். உவர்நீரில் உள்ள சல்பேற்றை நுண்ணுயிர்கள் தின்று அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவை உண்டாக்கும். சிறுநீரும் உப்புநீரும் சேர்ந்தால் சுண்ணாம்பு படியும். வெளியேறும் குழாயின் தொடக்கத்தில், உதடு குவிந்ததுபோல் ஒரு சின்ன இறப்பர் வால்வு இருக்கும். கழற்றி விரலால் தடவிப் பார்த்தால் உதட்டின் ஓரத்தில் மணல்மணலாகச் சாம்பல் படிவு தட்டுப்படும். அந்தப் படிவு உதட்டை மூடவிடாது. தள்ளிய கழிவு சிறிது சிறிதாகக் கொமட்டுக்குத் திரும்பி வரும். மோட்டர் கெட்டுவிட்டது என்று எண்ணிப் புதிது வாங்குகிறவர்கள் பலர் உண்மையில் மாற்ற வேண்டியது இந்த வால்வைத்தான். வினாகிரியை ஊற்றி ஓரிரவு விட்டால் இளம் படிவு இளகும்.

இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி தாங்கியில் ஏற்றிய நன்னீரால் கழுவினால் நீங்கிவிடும். வாவிப் படகுக்கு நன்னீர் வகையே ஏற்றது. வெளிநீர்த் துளையே தேவையில்லாமல் போவது இன்னொரு பெரிய ஆதாயம். நீர்மட்டத்துக்குக் கீழே கொமட் இருக்கும் படகுகளில் அந்தத் துளை வழியே நீர் தானாக ஏறிப் படகு அமிழ்ந்த சம்பவங்கள் உலகெங்கும் உண்டு. துளை இருந்தே ஆக வேண்டுமானால் குழாயை நீர்மட்டத்துக்கு மேலே வளைத்து, உச்சியில் காற்று வால்வு வைப்பது கட்டாயம்.

மின் செலவைப் பற்றி வீண் பயம் உண்டு. 20 அம்பியரில் 10 விநாடி ஓடினாலும் ஒரு தடவைக்கு 0.06 அம்பியர்மணிதான், முப்பது தடவைக்கும் இரண்டைத் தாண்டாது. சிக்கல் வயரில். பற்றரி 5 மீற்றர் தள்ளியிருந்து, போகவர 10 மீற்றருக்கு 4 சதுர மில்லிமீற்றர்ச் செப்பு வயர் போட்டால், 12 வோல்ற்றில் ஏறத்தாழ 0.9 வோல்ற்று வழியிலேயே தொலையும். மோட்டர் முக்கி முனகும், அரைகுறையாக அரைக்கும், அடைக்கும். 10 சதுர மில்லிமீற்றர் வயரில் இழப்பு 0.35 வோல்ற்று. நல்ல மோட்டரை மெல்லிய வயரில் கட்டுவதைப் போல் பண விரயம் வேறில்லை.

தாங்கி

பன்னிரண்டு பேர் ஏறும் பகல் சுற்றுலாப் படகில் ஆளுக்கு இரண்டு தடவை என்றால், ஒரு தடவைக்கு 2 லீற்றர் நீர் எடுக்கும் வகைக்கு, கழிவையும் சேர்த்து ஏறத்தாழ 60 லீற்றர்த் தாங்கி வேண்டும். வெற்றிட வகைக்கு 25 போதும். ஆழமற்ற வாவியில் எடை படகைத் தரை தட்ட வைக்கும் என்பதால் இந்த வேறுபாடு சிறியதல்ல. தாங்கியின் காற்றுக்குழாய் அகலமாக இருந்தால் நாற்றம் குறையும். நிரம்பியதும் மோட்டரைத் தடுக்கும் சுவிட்ச் ஒன்றும் வேண்டும். மேல்தளத்தில் இறைக்கும் வாயை வைக்கும்போது, ஊரில் மலசலகூடக் குழி இறைக்க வரும் பவுசரின் குழாயோடு பொருந்தும் இணைப்பையும் அப்போதே செய்துகொள்ள வேண்டும். அந்தக் குழாய் படகு வாயைவிட மிக அகலம்.

குருக்கள்மடம்–அம்பிளாந்துறை, குறுமண்வெளி–மண்டூர் போன்ற துறைகளின் படகுப் பாதைகளுக்கு இவை தேவையில்லை. கடவை குறுகியது, கரையில் சுத்தமான மலசலகூடம் இருந்தால் போதும், அதுவும் பெண்களுக்குத் தனியாக. வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து ஆழ்கடல் போகும் பலநாள் படகுகளின் கதை வேறு. வாரக்கணக்கில் கடலில் நிற்கும் அவற்றுக்குக் கையால் இயக்கும் பம்பியே நம்பகமானது, மின்னை எஞ்சினுக்கும் வானொலிக்கும் விட்டுவிடலாம்.

பற்றரியே இல்லாத 18 முதல் 23 அடிப் பைபர் போட்டுகளில் மின்விசை மலசலகூடம் பொருத்த இடமில்லை. குடும்பமாக ஏறுவோருக்காக அவற்றில் வைக்கத் தக்கது, கீழ்ப்பெட்டி கழன்று வரும் கையடக்க வகை. 20 லீற்றர்ப் பெட்டி நிறைந்தால் ஒருவர் தூக்கிக் கரையேற்றலாம், வீட்டு மலசலகூடத்தில் கொட்டலாம். அதற்குப் போடும் நாற்றமடக்கும் மருந்தில் போமல்டிகைட்டு இருக்கக் கூடாது. இருந்தால் குழியில் கழிவை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் செத்துப்போகும்.