பாடநூலுக்கு வெளியே நின்ற பிள்ளைகள்

‘எங்கள் வீடு’ என்னும் பொருளில் கட்டுரை எழுதிவருமாறு எட்டாம் வகுப்பு மாணாக்கரை ஒருமுறை நாம் பணித்தோம். வந்து சேர்ந்த கட்டுரைகளிற் பெரும்பாலானவற்றில் வீட்டின் முன் மாமரம் நின்றது. முற்றத்தில் கிணறு இருந்தது. கொல்லையில் தென்னை காய்த்தது. எழுதியவர்களோ லயக் காம்பராவிற் பிறந்து, பொதுப் பீலியில் வரிசை நின்று தண்ணீர் பிடிப்பவர்கள். பிள்ளைகள் பொய்யுரைத்தார்கள் என்று கொள்வது அநியாயம். வீடு என்று பாடநூல் எதைக் காட்டிற்றோ, அதையே அவர்கள் வீடென்று எழுதினர். லயத்தை எழுதலாம் என்று அவர்களுக்குச் சொன்னவர் யார்? நாமும் அதுவரை சொன்னதில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்த கேடன்று. 1965ஆம் ஆண்டில் நான்சி லாரிக் என்னும் அமெரிக்கக் கல்வியாளர், அதற்கு முந்திய மூன்றாண்டுகளில் அந்நாட்டில் வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களை ஆராய்ந்தார். கறுப்பின மாந்தர் ஒருவரேனும் தலைகாட்டிய நூல்கள் 349 மட்டுமே. புத்தகத்திலுள்ள பிள்ளைகள் ஏன் எப்போதும் வெள்ளையராகவே இருக்கிறார்கள் என்று ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி கேட்ட கேள்வியையே அவர் தம் கட்டுரையின் தொடக்கமாக்கினார். அக்கேள்விக்கு விடைதேடும் முயற்சியோ அதற்கும் நாற்பத்தைந்து ஆண்டுகள் முன்னரே தொடங்கியிருந்தது. 1920 சனவரியில் டூபாய்ஸ், ஜெஸ்ஸி போஸெற் என்னும் எழுத்தாளரின் துணையோடு, கறுப்பினப் பிள்ளைகளுக்கென ‘பிரௌனீஸ் புக்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். இருபத்து நான்கு இதழ்களோடு 1921 இறுதியில் அது நின்றுபோயிற்று. ஆயினும் பிற்காலத்தில் உலகறிந்த கவிஞரான லாங்ஸ்டன் ஹியூஸின் இளமைக் கவிதைகள் அச்சேறியது அங்கேதான். இரண்டாண்டே வாழ்ந்த இதழ் என்று அதை எளிதாக எண்ணிவிடலாகாது.

நம் மலையில் நிலைமை என்ன? 1869இல் ஆபிரகாம் ஜோசப்பின் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’ அச்சாயிற்று. கூலி அதில் வருகிறான்; ஆனால் துரையின் கண்ணால் பார்க்கப்பட்டவனாக வருகிறான். தொழிலாளியைத் தொழிலாளிக்கே எழுதிக்காட்ட இன்னும் அரை நூற்றாண்டு சென்றது. அப்பணியை மேற்கொண்டவர் தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர். அவர் பத்திரிகை நடத்தினார், தொழிற்சங்கம் கண்டார். அவர் துணைவியார் மீனாட்சியம்மாளை நாம் இன்னும் மேலாக மதிக்கிறோம். எழுத்தறியாத மக்களிடம் செல்லப் பாட்டே வழி என்றுணர்ந்து, தாமே இயற்றிப் பாடினார். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் அவருடைய பாடல் நூல் 1940இல் வெளிவந்தது. லயத்துப் பிள்ளைகளின் காதில் விழுந்த முதல் ‘நூல்’ அதுவாகவே இருந்திருக்கலாம்.

ஏனெனில் வேறு நூலுக்கு வழியில்லை. தோட்டப் பள்ளி என்பது பெரும்பாலும் ஓர் அறையும் ஓர் ஆசிரியருமே. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி மலர்ந்தபோதும் இப்பள்ளிகள் தோட்ட நிருவாகத்தின் கையிலேயே விடப்பட்டன. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது எழுபதுகளிலேதான். இடையில் 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தமோ ஐந்தே கால் இலட்சம் பேரை இந்தியாவுக்கென எழுதிவைத்தது. நாடே தனதன்று என்று சொல்லப்பட்ட பிள்ளைக்குப் பாடநூலில் இடம் எங்கிருந்து வரும்?

1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்ட வாழ்வை ஆங்கிலத்திலேயே கவிதையாக்கினார். மடக்கொம்பரைத் தோட்டத்திற் பிறந்தவரின் பாட்டு அத்தோட்டத்தார் மொழிக்கு வர, 1969இல் சக்தீ அ. பாலஐயா தமிழாக்கும் வரை காத்திருக்க நேர்ந்தது. இதைச் சொல்வதால் சி. வி.யின் பெருமை குறையாது. மலையின் நாட்டுப் பாடல்களைத் தேடித் திரட்டித் தந்தவரும் அவரே. நம் பிள்ளைகளுக்குரிய இலக்கியம் ஏடேறாமல் தாயரின் நாவில் தாலாட்டாய்க் கிடந்ததை நாம் அத்தொகுப்பினாலன்றோ அறிகிறோம்! அத்தாலாட்டைக் கேட்கவேண்டிய குழந்தையோ பகலெல்லாம் பிள்ளைக் காம்பராவிற் கிடந்தது. தாய் மலையில் நின்றாள்.

1971இல் ‘கதைக் கனிகள்’ தொகுதியும், 1980இல் என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ம் வந்தன. இவை சிறுவர்க்கென எழுதப்பட்டவையல்ல. ஆயினும் சிறுவர் நூல் வருமளவும் காத்திருக்க நமக்குப் பொறுமையில்லை.

ஆகவே அந்தக் கட்டுரைகளைத் திருப்பிக் கொடுத்த நாளில் இராமையாவின் அந்தக் கதையையே வகுப்பில் வாசித்தோம். கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தியின் கைத்திறனைச் சொல்வது அக்கதை. அக்காலத்தில் கொழுந்தை இறாத்தலில் நிறுத்தார்கள் என்று விளக்கமுற்பட்டோம். அதுவரை வாய் திறவாத கடைசி வாங்கு மாணவி எழுந்து நின்றாள்.

“சேர், கூடைக்குன்னு அப்ப எத்தனை ராத்தல் கழிச்சாங்க?”

நமக்குத் தெரியவில்லை. தன் தாய்க்கு எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்பதை அவள் சொன்னாள். பின்பு ஒவ்வொருவராய் எழுந்து தத்தம் தோட்டத்துக் கணக்கைச் சொல்லத் தொடங்கினர். மணி அடித்தும் எவரும் உட்காரவில்லை.