விதைப்பூண்டும் கல்விக் கொடையும்



பூண்டு அறுவடை முடிந்ததும் நம் வீடுகளில் செய்யும் முதல் வேலை, விதைக்கென்று ஒரு பங்கை ஒதுக்கி வைப்பது. பிறகு எத்தனை பணமுடை வந்தாலும் அதில் கைவைக்க மனம் துணியாது. கைவைத்தால் அடுத்த போகம் இல்லை என்று நமக்குத் தெரியும். கல்விக்கென்று அளிக்கும் கொடையும் இவ்வாறே காக்கப்பட்டால்தான் தலைமுறை தலைமுறையாகப் பலன் தரும். வரலாறு இதற்குப் பல சான்றுகளைத் தருகிறது. அவற்றுள் சிலவற்றை இந்த யூபிலி மலரில் எண்ணிப் பார்ப்போம்.

முதலைத் தொடாமல் விளைவை மட்டும் செலவிடும் முறை நம் தமிழகத்துக்குப் புதியதன்று. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகளை விட்டுச்செல்வது சோழர் கால வழக்கம். மந்தையைப் பெற்றவர் நெய் அளக்க வேண்டும். ஆடுகளின் எண்ணிக்கையும் குறையக்கூடாது. ஆகவே கல்வெட்டுகள் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றன. கல்விக்கும் இதே முறை வந்தது. விழுப்புரத்துப் பகுதியிலுள்ள எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரி ஒன்று 45 வேலி நிலத்தின் வருவாயில் நடந்தது. மாணவருக்கும் நெல் அளந்தார்கள், ஆசிரியருக்கும் நெல் அளந்தார்கள். காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் விடுதி மாணவர்களின் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குக்கூட எண்ணெய் ஒதுக்கியிருந்தார்கள். கொடுத்தவர்கள் எவ்வளவு நுணுக்கமாக எண்ணிக் கொடுத்தார்கள் பாருங்கள்! ஆனால் அந்தக் கல்விக்கூடங்கள் வேதம் ஓதும் வகுப்பாருக்கே உரியனவாக இருந்தன. உழுதவன் பிள்ளைக்கு அங்கே இடமில்லை.

கொடை மட்டும் இருந்தால் போதாது, அதைக் காக்க நேர்மையான கைகளும் வேண்டும் என்பதற்குச் சென்னைப் பச்சையப்ப முதலியாரின் வரலாறு சான்று. தந்தையை இழந்து வறுமையில் பிறந்த அவர், துபாஷித் தொழிலில் பெரும்பொருள் ஈட்டினார். 1794-ஆம் ஆண்டு, நாற்பது வயதளவில் இறக்கும்போது, தம் செல்வத்தை அறப்பணிகளுக்கென உயில் எழுதி வைத்தார். அவர் கண்மூடியபின் அப்பணம் வழக்கில் சிக்கியது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு நீதிமன்றத்தில் கழிந்தது. அட்வகேட் ஜெனரலாயிருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றோரின் முயற்சியாலும் நீதிமன்றத்தின் ஆணையாலும் அறங்காவலர்கள் அமைந்தனர். வட்டியோடு பெருகிய பணத்தில், கோயில் அறங்களுக்கு ஒதுக்கியதுபோக மிஞ்சியது கல்விக்கென்றாயிற்று. 1842-இல் பள்ளி திறக்கப்பட்டது. 1889-இல் அது கல்லூரியாக உயர்ந்தது. அறிஞர் அண்ணா அங்கே படித்தவர். அந்த ஐம்பது ஆண்டுகளில் படிக்காமலே போன பிள்ளைகள் எத்தனை பேரோ, அவர்களுக்குக் கணக்கில்லை.

இனிக் கடல் கடந்து செல்வோம். அமெரிக்காவில் சிகாகோ நகருக்கு அருகே ஜோலியட் என்னும் ஊரில், 1901-ஆம் ஆண்டு ஓர் உயர்நிலைப்பள்ளியின் கட்டடத்திலேயே ஆறு மாணவர்களோடு ஒரு கல்லூரி தொடங்கியது. வீட்டிலிருந்தே வந்து, குறைந்த செலவில் இரண்டு ஆண்டுகள் படிக்கலாம். இத்தகைய கல்லூரிகளுக்குச் சமுதாயக் கல்லூரி என்ற பெயரை 1947-இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த குழுவின் அறிக்கை பரப்பியது. இன்று இவற்றுள் பலவற்றுக்குத் துணையாகத் தனியே ஓர் அறக்கட்டளை இருக்கிறது. பழைய மாணவர்களும், ஊர்க் கடைக்காரர்களும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அதற்குக் கொடுக்கிறார்கள். அறக்கட்டளை அப்பணத்தை நிலைநிதியாக முதலீடு செய்து, ஆண்டுதோறும் கிடைக்கும் வருவாயில் உதவித்தொகையும் புத்தகமும் வழங்குகிறது. வீட்டில் நோய், வேலையிழப்பு என்று திடீர்த் துன்பம் வந்த மாணவருக்கு, படிப்பை விட்டுவிடாதபடி கைமாற்றுப்போல் உடனே உதவுகிறது. ஆசிரியரையும் அது மறப்பதில்லை. புதிய பயிற்சிக்குச் செல்லவும், வகுப்பில் புதுமுறை ஒன்றைச் செய்து பார்க்கவும் சிறுதொகை தருகிறது. ஆசிரியர் தளர்ந்தால் மாணவரும் தளர்வார் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

இந்தக் கருத்து நம் நாட்டுக்கும் வந்தது. 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகம் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் சென்னைச் சமுதாயக் கல்லூரியைத் தோற்றுவித்தது. இயேசு சபைக் குரு சேவியர் அல்போன்ஸ் இவ்வியக்கத்தை ஊர்தோறும் எடுத்துச் சென்றவர்களில் முதன்மையானவர். பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர்களுக்கும் இங்கே இடமுண்டு. வாழ்க்கைத் திறன், தொழில் திறன், தொழிற்கூடங்களில் நேரடிப் பயிற்சி என்பதே பாடம். எண்ணாயிரத்தில் மூடியிருந்த கதவு இங்கே திறந்தது என்று சொல்லலாம்.

நம் போளூருக்கு இவற்றால் என்ன என்று கேட்பீர்கள். கொடைக்கானலிலேயே 1984-இல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் தோன்றிவிட்டது. ஆயினும் கல்லூரியில் இடம் கிடைப்பது ஒன்று, போய்ப் படிப்பது வேறொன்று. கல்விக் கட்டணத்தைவிட விடுதிச் சாப்பாடும் பேருந்துச் செலவுமே மலைக்கிராமத்துக் குடும்பத்தை மலைக்க வைக்கின்றன. விளைச்சல் பொய்த்த ஆண்டில் முதலில் நின்றுபோவது மகளின் படிப்பு.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நூறு குடும்பங்கள் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தால் ஓர் இலட்சம். நூற்றுக்கு 6 வட்டி என்று கொண்டால் ஆண்டுக்கு 6,000 ரூபாய். விலைவாசி ஏறுவதால் அதில் ஆயிரத்தை முதலோடு சேர்த்துவிட்டு, ஐயாயிரத்தை ஒரு பிள்ளையின் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் தரலாம். தொகை சிறியதுதான். ஆனால் முதல் குறையாது. ஆண்டுதோறும் ஒரு பிள்ளை. உதவி பெற்றவர்கள் வேலைக்குப் போனபின் திருப்பிச் சேர்த்தால் இரண்டு பிள்ளைகள்.

இதற்குச் சில கட்டுப்பாடுகள் தேவை. முதலை எக்காரணம் கொண்டும் எடுக்கக்கூடாது. ஆண்டுக்கு ஒருமுறை வரவு செலவை எல்லோர் முன்னும் வாசிக்க வேண்டும். யாருக்கு உதவி என்பதை ஒருவரே முடிவு செய்யலாகாது. மாலையில் நம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் இளைஞருக்கும் அதில் ஒரு பங்கு இருக்க வேண்டும். பச்சையப்பரின் பணம் ஐம்பது ஆண்டு முடங்கிய கதையை மறவாதிருந்தால் இவை கடினமாகத் தோன்றா.

யூபிலி விழாவின் பந்தலைப் பிரித்துவிடுவோம், விருந்தும் முடிந்துவிடும். விழாக் கணக்கில் எஞ்சும் சிறுதொகையை விதைக்கென்று ஒதுக்கி வைத்தால், அடுத்த யூபிலி மலரை எழுத இந்த ஊரிலேயே படித்த கைகள் பல இருக்கும்.