யாழ்ப்பாணத்து முந்திரிகைப் பந்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வழக்கில் முந்திரிகை என்பது திராட்சையைக் குறிக்கும் சொல்லாகும். தமிழ்நாட்டார் முந்திரி என்று வழங்கும் பருப்பைத் தரும் மரம் இங்கே மரமுந்திரிகை என்று அடைகொடுத்துப் பிரித்துச் சொல்லப்படுகிறது. உரும்பிராய், கோண்டாவில், ஊரெழு, நீர்வேலி முதலிய வலிகாமத்து ஊர்களில் வீட்டு வளவை அடுத்தும் தோட்டத் தறைகளிலும் காணப்படும் முந்திரிகைப் பந்தல்கள், புகையிலையையும் வெங்காயத்தையும் போல இந்நிலத்துக்கு இயல்பாக அமைந்தவை என்று எண்ணத் தோன்றினாலும், தட்பவெப்பத்தைக் கொண்டு பார்த்தால் இக்கொடி இங்கே காய்ப்பதே வியப்புக்குரியதாகும்.

உலகில் திராட்சைமதுவுக்குப் பெயர்பெற்ற பழைய நிலங்கள் பெரும்பாலும் 30 முதல் 50 பாகை வரையான அகலக்கோடுகளுக்குள் அடங்குவன. பிரான்சின் மேற்குக் கரையை அடுத்த போர்டோ அவற்றுள் ஒன்று. கடலின் அண்மையால் கோடை கடுமையாகாமலும், குளிர்காலம் தவறாமலும் அமையும் அத்தகைய இடங்களில், கொடி இலையுதிர்த்துச் சில மாதங்கள் உறங்குகிறது. அந்த உறக்கத்தின் பின்னரே அதன் மொட்டுகள் ஒருசேர விழித்துப் பூங்கொத்துகளை ஈனுகின்றன. குடாநாடும் கடல் சூழ்ந்த நிலமே எனினும், ஏறத்தாழ 9 பாகை 40 கலை வட அகலக்கோட்டில் இருப்பதால், மார்கழி, தை மாதங்களிலும் கொடியை உறங்கவைக்கும் குளிர் இங்கு வருவதில்லை. ஆகவே தன்போக்கில் விடப்பட்ட கொடி ஆண்டு முழுவதும் தளிர்விட்டு, இலையும் தண்டுமாகத் தன் வலுவைச் செலவிட்டு, காய்ப்பில் குன்றிவிடுகிறது.

இத்தடையை நீக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளுள் எழுத்தில் பதிவானது, 1829 இல் யாழ்ப்பாணத்தில் பொறுப்பேற்று, பின்னர் வட மாகாண அரசாங்க அதிபராகி, 1867 இல் இறக்கும்வரை யாழ்ப்பாண நிர்வாகத்தோடு பிணைந்திருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் என்பவருடையதாகும். பழைய பூங்கா என இன்றும் அறியப்படும் வளவை உருவாக்கிய அவர், முந்திரிகைக் கொடியின் அடிமண்ணை அகற்றி வேரை வெயிலில் காயவைத்து, குளிர் தரவேண்டிய ஓய்வை வெப்பத்தைக் கொண்டே தருவித்தார். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் இம்முறையைக் குறித்துவைத்தார். தக்காணத்துத் திராட்சைத் தோட்டங்களிலும் வேர் திறத்தல் வழக்கில் இருந்தது என்பதால், வெப்பநாட்டார் பிறரும் கைக்கொண்ட வழியாகவே இதைக் கொள்ளலாம்.

பின்னாளில் வேர் திறத்தலின் இடத்தைக் கத்தரித்தல் பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டில் கவாத்து எனப்படும் இவ்வேலையில், முதலில் நீர் இறைப்பதைக் குறைத்துக் கொடியை வாடவிட்டு, முதிர்ந்த தண்டுகளைக் கணுக்கணக்குப் பார்த்து வெட்டி, எஞ்சிய இலைகளையும் உருவி, பந்தலை வெறுங்கொம்பாக்கிவிடுவர். அதன்பின் எருவிட்டு நீர் பாய்ச்சியதும் ஓரிரு வாரங்களில் கணுக்கள் வீங்கித் தளிரும் பூங்கொத்துமாக வெடிக்கின்றன. கத்தரித்து மூன்று, நான்கு மாதங்களில் பழம் அறுவடைக்கு வந்துவிடுவதால், ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட போகம் பெற முடிகிறது. எனினும் ஐப்பசி முதல் மார்கழி வரை பொழியும் மாரிமழையில் பூவும் பிஞ்சும் அகப்பட்டால் பூஞ்சண நோய் பற்றும் என்பதால், பழம் கனியும் காலம் கோடையில் விழுமாறு கத்தரிக்கும் நாளைக் கணிப்பதே கமக்காரனின் தேர்ச்சியாகும். இந்நோய்க்குத் திராட்சை விளையும் நாடுகளில் தெளிக்கப்படும் சுண்ணாம்பும் மயில்துத்தமும் கலந்த போர்டோக் கலவை, 1880களில் அந்தப் பிரெஞ்சு மதுநிலத்திலேயே கண்டறியப்பட்டு, அதன் பெயரையே தாங்கி நிற்கிறது.

இச்செய்கைக்கு அடித்தளமாக இருப்பவை சுண்ணாம்புக்கல் மேல் படிந்த செம்மண்ணும் கிணறுமே. வற்றாத ஆறு எதுவுமில்லாத குடாநாட்டில், மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் இறங்கி நிலத்தடியில் தேங்க, அதைத் துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் பயிரின் பரப்பு மனித உழைப்பின் அளவுக்குள் அடங்கியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவியதும் அந்த எல்லை விரிந்தது. 1970 முதல் 1977 வரையான காலத்தில் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது வலிகாமத்துத் தோட்டங்கள் தென்னிலங்கைச் சந்தையை நோக்கி விளைந்தன. முந்திரிகையும் அப்பணப்பயிர்களின் வரிசையில் நின்றது. ஆனால் தூணும் கம்பியும் நாட்டிப் பந்தலிட முதலில் பெருந்தொகை வேண்டியிருந்ததாலும், பழம் விரைவில் அழுகக்கூடியது என்பதாலும், மற்றப் பயிர்களைவிடச் சந்தைப் பாதையை இது அதிகம் நம்பியிருந்தது.

அந்தப் பாதையே உள்நாட்டுப் போரில் முதலில் அறுந்தது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் பசளையும் அரிதாகி இறைப்புச் செலவு தாங்கமுடியாததாயிற்று; குடாநாட்டைத் தென்பகுதியுடன் இணைக்கும் ஏ9 வீதி 2002 வரை மூடிக்கிடந்து, 2006 இல் மீண்டும் மூடப்பட்டது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோது, வெங்காயத்தைப் போல ஒரு போகத்தோடு முடியாத, ஆண்டுக்கணக்கில் பேணவேண்டிய இக்கொடி கத்தரிப்பாரும் இறைப்பாருமின்றி நின்றது. போர் முடிந்த 2009 இன் பின்னர் மீண்டும் பந்தலிட்டவர்கள், வீதி திறந்ததால் வாங்குவோரைப் பெற்றதோடு, அதே வீதியால் வந்த இறக்குமதிப் பழத்தின் போட்டியையும் பெற்றனர்.

இத்தனை உழைப்பில் விளைந்த பழம் மதுவாகாமல் பழமாகவே விற்கப்பட்டதற்குக் காரணம் பனை ஆகும். பாளையைச் சீவி முட்டியில் சேர்க்கும் சாறு சில மணி நேரத்தில் தானே நொதித்துக் கள்ளாகிவிடுவதால், பிழிந்து, நொதிக்கவைத்து, மாதக்கணக்கில் முதிரவிடும் மதுத்தொழிலுக்கு இங்கே தேவை எழவில்லை. முட்டியில் சுண்ணாம்பு தடவினால் அதே சாறு நொதிக்காத கருப்பநீராகிப் பனங்கட்டிக்கு உதவியது. கள் விற்ற இடத்துக்குத் தவறணை என்ற போர்த்துக்கீசச் சொல் நிலைத்ததே அன்றி, போர்த்துக்கீசரின் திராட்சைமது நிலைக்கவில்லை. கள்ளுண்ணாமையை வலியுறுத்திய சைவ ஒழுக்கமும், ஆறுமுகநாவலரின் (1822–1879) பிரசாரமும் குடிக்கு மதிப்பளிக்கவில்லை.

விதிவிலக்காக அமைந்தது கத்தோலிக்கத் துறவு மடமே ஆகும். திருப்பலிக்குத் திராட்சைமது இன்றியமையாதது என்பதால் குருமாருக்கு அது அந்நியமன்று. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த தோமஸ் அடிகள் 1928 இல் தோலகட்டியில் நிறுவிய செபமாலைத் தாசர் சபையின் மரபில், நெல்லிச் சாறும் முந்திரிகைச் சாறும் குடாநாட்டவர் அறிந்த பண்டங்களாயின. யாழ்ப்பாண நகரில் உள்ள கன்னியர் மடம் கறுவாவும் கராம்பும் சேர்த்து ரொசெட்டோ என்னும் இனிப்பு மதுவையும் தயாரித்து விற்றது. வெப்பநாட்டு வாசனைத் திரவியங்களோடு கூடிய அம்மது, குளிர்நாட்டு மதுவின் நகலாக இராமல் இந்நிலத்துக்குரிய சுவையைப் பெற்றது.

குளிர்நிலங்களில் பருவம் தானே செய்யும் வேலையை யாழ்ப்பாணத்தில் கமக்காரனின் கத்தியும் கிணறும் செய்தன என்பதே இவ்வரலாறு காட்டும் முடிபாகும். எந்தக் கணுவில் வெட்டுவது, மாரி முடிந்து எத்தனை நாளில் வெட்டுவது என்னும் அறிவு கையிலிருந்து கைக்கு வந்ததாகும். 1970களில் பந்தல் போட்டவர்கள் இன்று முதியவர்கள். அவர்கள் இருக்கும்போதே அவ்வறிவு கேட்டு எழுதப்படவேண்டும்.