வளையாத உடம்பு

பந்தயக் கார் என்றதும் எல்லோரும் எஞ்சினின் பெருமையைத்தான் பேசுவார்கள். எனக்கு என்னவோ, அதன் முதுகெலும்பின் கதைதான் சுவாரஸ்யமாகப் படுகிறது.

ஆதிநாளைய கார்களின் சேஸிஸ் ஓர் ஏணியைப் போன்றது. நீளமாக இரண்டு இரும்புச் சட்டங்கள். நடுவே குறுக்குச் சட்டங்கள். இரு முனைகளையும் பிடித்து முறுக்கினால் முறுகும். முறுகட்டுமே, அதனால் என்ன நஷ்டம்? கயிற்றுக் கட்டில் கொஞ்சம் நெளிந்து கொடுப்பதால்தானே மேடுபள்ளமான முற்றத்தில்கூட நான்கு காலையும் ஊன்றி நிற்கிறது? நியாயமான கேள்விதான். பழைய கார்களில் பலவற்றை அந்த நெளிவை நம்பியே, ஸ்பிரிங்குகளை விறைப்பாக வைத்துச் செய்தார்கள்.

ஆனால் கட்டில் ஓடுவதில்லை. ஓடுகிற காரில் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்க ஷாக் அப்சார்பர் இருக்கிறது. சேஸிஸின் ஆட்டத்தை அடக்க எதுவுமில்லை. வளைவில் அது முறுகினால் சக்கரம் சாயும். டயரின் பிடி தளரும். உடம்பு விறைப்பாக நின்றால்தான் ஸ்பிரிங்குகளை மெத்தென்று வைக்கலாம். சக்கரங்களும் தரையை விடாமல் கவ்வும்.

1922இல் இத்தாலியரான வின்சென்ஸோ லான்சியா, தமது லாம்டா காரில் ஏணியையே எடுத்துவிட்டு, கப்பலின் உடல் போல ஒரே கூடாகச் செய்தார். கிராண்ட் பிரீ பந்தயத்தில் அந்த யோசனை வேரூன்ற இன்னும் 40 ஆண்டுகள் பிடித்தன.

வேரூன்றச் செய்தவர் இங்கிலாந்தின் காலின் சாப்மன். அதுவரை பந்தயக் கார்களுக்கு மெல்லிய குழாய்களைப் பின்னிச் சட்டம் செய்துவந்தார்கள். மிட்டாய்க் கடை அட்டைப் பெட்டியைத் திறந்தபடி முறுக்கிப் பாருங்கள். பிறகு மூடியை ஒட்டிவிட்டு முறுக்குங்கள். சாப்மனின் சூட்சுமம் அவ்வளவுதான். அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்து, இரு பக்கமும் மூடிய பெட்டிகள். அவற்றுக்குள் பெட்ரோல் பைகள். நடுவே, ஏறக்குறைய படுத்த நிலையில் ஓட்டுநர். இந்த லோட்டஸ் 25, குழாய்ச் சட்டம் கொண்ட லோட்டஸ் 24ஐவிடச் சுமார் மூன்று மடங்கு விறைப்பு, எடையோ குறைவு.

1962 மே மாதம் ஹாலந்தின் ஸாண்ட்வோர்ட்டில் அது முதன்முதலாக ஓடியது. அப்போதுதான் 24ஐக் காசு கொடுத்து வாங்கியிருந்த மற்ற அணியினருக்கு எப்படி இருந்திருக்கும்! அவர்கள் முகம் சுளித்ததை நான் குறை சொல்லமாட்டேன்.

அடுத்த மாதமே பெல்ஜியத்தில் ஜிம் கிளார்க் அந்தக் காரில் வென்றார். டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் கடைசிப் பந்தயம். கிளார்க் முன்னணியில் பறந்துகொண்டிருக்கையில் எஞ்சினில் ஒரு சின்ன போல்ட் கழன்றது, எண்ணெய் ஒழுகியது, சாம்பியன் பட்டம் கிரஹாம் ஹில்லுக்குப் போயிற்று. முறுக்கையெல்லாம் தாங்கிய உடம்பு என்ன செய்யும், பாவம்! 1963இல் கிளார்க் 10 பந்தயங்களில் 7ஐ வென்று பட்டத்தை வாங்கிக்கொண்டார்.

இன்று நம் தெருவில் போகும் சாதாரணக் கார்களில் பெரும்பாலானவை ஒரே கூடாகச் செய்தவைதான். வளைவில் அவை அலட்டாமல் திரும்பும்போது, உள்ளே இருக்கும் நாம் அதைக் கவனிப்பதுகூட இல்லை. நல்ல முதுகெலும்புக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியதில்லை.