குப்பைக்குப் போகும் சட்டம்: பிளாஸ்டிக் மொடல்களின் மலிவான வரலாறு

ஒரு மொடல் கிட் பெட்டியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு பிளாஸ்டிக் சட்டம். விமானத்தின் இறக்கை, சில்லு, விமானியின் இருக்கை எல்லாம் அந்தச் சட்டத்தில் காய்கள் மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கும். பாகங்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து ஒட்டி முடித்த பிறகு சட்டம் குப்பைக்குப் போகும். மொடல் செய்கிறவர்கள் அதை ‘ஸ்ப்ரூ’ என்பார்கள்.

இந்தப் பொழுதுபோக்கைப் பற்றிப் பேச்செடுத்தாலே எங்கட ஆக்கள் சொல்வது ஒன்றுதான்: “அது காசுக்காரரின்ர வேலை மச்சான்.” கிட் ஒரு விலை, பெயின்ற் ஒரு விலை, எயார் பிரஷ் ஒரு விலை, நுணுக்கம் சேர்க்கிற பித்தளைப் பாகங்கள் இன்னொரு விலை. இதையெல்லாம் இறக்குமதி செய்கிற நாட்டில் இருந்து பார்த்தால் அந்தப் பேச்சில் பிழையில்லை. ஆனால் வரலாற்றைப் பார்த்தால் கதை வேறு. இந்தக் கலையின் நுணுக்கங்களில் பெரும்பகுதி மலிவான கிட்டையும் வீட்டுக் குப்பையையும் வைத்துத்தான் பிறந்தது. அதில் முக்கியமான குப்பை இந்த ஸ்ப்ரூ.

பிளாஸ்டிக்குக்கு முதல் மரம் இருந்தது. 1930களின் தொடக்கத்தில் பிரித்தானியாவில் ‘ஸ்கைபேர்ட்ஸ்’ என்ற பெயரில் சிறிய மர விமானக் கிட்கள் வந்தன. 1:72 என்ற அளவுத்திட்டம் அவற்றோடுதான் பரவியது. கணக்கு லேசானது. ஆறு அடி என்பது 72 அங்குலம். ஆகவே ஆறடி மனிதன் ஒருவன் இந்த அளவில் சரியாக ஓர் அங்குலம் இருப்பான். இன்றைக்கும் விமான மொடல்களில் மிகப் பரவலான அளவுகளில் இதுவும் ஒன்று.

1936இல் ‘ஃபுரொக்’ நிறுவனம் அதே 1:72இல் பிளாஸ்டிக் கிட்களைக் கொண்டுவந்தது. அந்த நிறுவனம் ஏற்கெனவே பறக்கிற விமானப் பொம்மைகளை விற்றுக்கொண்டிருந்தது. புதியவை பறக்காது என்பதால், பறக்காத பறவையான பென்குயினின் பெயரையே அவற்றுக்கு வைத்தார்கள். பாவித்த பிளாஸ்டிக் செல்லுலோஸ் அசிட்டேட். காலம் போகப்போக அது சுருங்கி வளையும். தப்பிக் கிடக்கிற பழைய பென்குயின்களின் இறக்கைகள் கோணிப் போயிருப்பதற்கு இதுதான் காரணம்.

பிறகு போர் வந்தது. 1942இல் அமெரிக்கக் கடற்படை பாடசாலை மாணவர்களிடம் ஐந்து இலட்சம் விமான மொடல்கள் செய்து தரச் சொல்லிக் கேட்டது. விளையாடுவதற்கு அல்ல, வானத்தில் வருவது தங்களுடைய விமானமா எதிரியுடையதா என்று படையினர் பார்த்தவுடன் சொல்லப் பழகுவதற்கு. மாணவர்கள் மரத்தைச் செதுக்கிக் கறுப்பு மை பூசிக் கொடுத்தார்கள். அதுவும் 1:72தான். 35 அடி தள்ளி நின்று இந்த மொடலைப் பார்த்தால், கிட்டத்தட்ட அரை மைல் தூரத்தில் உண்மையான விமானம் தெரிகிற அளவில் தெரியும். ஒரு மலிவான பொழுதுபோக்கு எவ்வளவு கெதியாகப் போரின் கருவியாக மாறியது பாருங்கோ. இந்த இடத்துக்குக் கடைசியில் திரும்பி வருவேன்.

போருக்குப் பிறகு கதை ‘எயார்ஃபிக்ஸ்’ பக்கம் போகிறது. ஹங்கேரியில் பிறந்து லண்டனுக்கு வந்து சேர்ந்த நிக்கலஸ் கோவ் 1939இல் தொடங்கிய நிறுவனம் அது. முதலில் காற்றடைத்த பொம்மைகள், போருக்குப் பிறகு தலைசீவுகிற சீப்புகள். 1949இல் ஃபெர்குசன் உழவு இயந்திரத்தின் மொடல் ஒன்றைச் செய்தார்கள். உண்மையான திருப்பம் 1950களின் முதல் பாதியில் வந்தது. வூல்வோர்த்ஸ் என்ற சங்கிலிக் கடைக்காக, பிரான்சிஸ் டிரேக்கின் ‘கோல்டன் ஹைண்ட்’ கப்பலைச் சின்னதாகச் செய்தார்கள். விலை இரண்டு ஷில்லிங். அந்த விலைக்குள் நிற்பதற்காக மட்டைப் பெட்டியைக் கைவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் பாகங்களைப் போட்டு, மேலே மடித்த கடதாசி ஒன்றைக் குத்தினார்கள். பிளாஸ்டிக்கையும் மாற்றினார்கள். செல்லுலோஸ் அசிட்டேட்டின் இடத்துக்குப் பொலிஸ்டைரீன் வந்தது. அடுத்த வருடமே ஸ்பிட்ஃபயர் விமானமும் அதே மாதிரிப் பையில் வந்தது. பொக்கற் காசில் ஒரு சிறுவன் வாங்கக்கூடிய பொருளாக மொடல் மாறியது அப்போதுதான்.

பொலிஸ்டைரீனின் குணம் விளங்கினால், பிறகு வந்த மலிவு நுட்பங்கள் எல்லாம் தானாக விளங்கும். கிட்டத்தட்ட 100 பாகை செல்சியஸில் அது இளகத் தொடங்கும். சில கரைப்பான்கள் பட்டால் கரையும். கத்தியால் கீறி மடித்தால் கீறிய கோட்டிலேயே முறியும். உருக்கிய பிளாஸ்டிக்கை உலோக அச்சுக்குள் அழுத்திச் செலுத்தும்போது, பாகங்களுக்குப் போகிற வாய்க்கால்களிலும் அது நிறைந்து இறுகும். அந்த வாய்க்கால்தான் ஸ்ப்ரூ. ஆகவே ஒவ்வொரு கிட்டோடும், அதே நிறத்தில், அதே பசைக்கு ஒட்டுகிற மூலப்பொருள் இலவசமாக வருகிறது.

அந்தக் காலத்து மலிவு கிட்களில் குறை கனக்க இருந்தது. அச்சு இரண்டாகப் பிரிய வேண்டும், பிளாஸ்டிக் உள்ளே ஓட இடம் வேண்டும். அதனால் எதையும் ஓர் அளவுக்கு மேல் மெல்லியதாகச் செய்ய முடியாது. 1:72இல் ஒரு மில்லிமீற்றர் தடிப்பு என்பது உண்மையில் ஏழு சென்றிமீற்றருக்கு மேல். இரண்டு மில்லிமீற்றர் தடித்த அன்ரெனா ஒன்றை விமானத்தில் ஒட்டினால் அது ஒரு மரக்குற்றியின் அளவு! விமானியின் அறைக்குள்ளே ஓர் இருக்கை, ஒரு பொம்மை மனிதன், அவ்வளவுதான். மற்றதெல்லாம் வெறுமை.

அந்த வெறுமையை நிரப்பியவர்கள் வாங்கியவர்களே. 1960இல் தொடங்கிய ‘எயார்ஃபிக்ஸ் மகசின்’ போன்ற இதழ்கள், ஒரு கிட்டை வெட்டி ஒட்டி வேறு வகை விமானமாக மாற்றுவது எப்படி என்று மாதாமாதம் எழுதின. ஸ்ப்ரூத் துண்டு ஒன்றை மெழுகுதிரிச் சுவாலைக்குச் சற்று மேலே உருட்டிப் பிடித்து, பளபளத்து இளகியதும் வெளியே எடுத்து மெதுவாக இரண்டு பக்கமும் இழுத்தால் தலைமயிர் மாதிரி நூல் வரும். பத்தில் ஒரு மில்லிமீற்றர் நூல், 1:72இல் ஏழு மில்லிமீற்றர் கம்பிக்குச் சமன். அன்ரெனாவுக்கும் கப்பல் பாய்மரக் கயிற்றுக்கும் அதுவே போதும். ஸ்ப்ரூவைச் சின்னத் துண்டுகளாக வெட்டி மொடல் பசைப் போத்தலின் அடியில் கிடக்கிற மிச்சத்துக்குள் ஊறவிட்டால், அடுத்த நாள் அது கூழாகிவிடும். இடைவெளிகளை அடைக்க அதைவிட நல்ல மக்கு இல்லை, ஏனென்றால் காய்ந்த பிறகு அதுவும் கிட்டும் ஒரே பொருள்.

வீட்டுக் குப்பையும் துணைக்கு வந்தது. அந்தக் காலத்துப் பற்பசை ரியூப் உலோகத்தால் ஆனது. அதைக் கழுவி விரித்து மெல்லிய கீலமாக வெட்டினால் விமானியின் இருக்கைப் பட்டி. மெல்லிய ரிசுக் கடதாசியை, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து மடித்துப் போட்டால் லொறியின் தார்ப்பாய். 1970களில் அமெரிக்காவில் ஷெப்பர்ட் பெய்ன் என்ற கலைஞர் செய்த காட்சியமைப்புகளின் படங்களையும் செய்முறைக் குறிப்புகளையும் மொனோகிராம் நிறுவனம் தன் கிட் பெட்டிகளுக்குள்ளேயே மடித்து வைத்தது. ஒரு தலைமுறை அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் டயோராமா செய்யப் பழகியது.

இதே காலத்தில் யப்பானில் இன்னொரு கதை நடந்தது. ஷிசுவோக்கா நகரம் 1945 ஜூனில் அமெரிக்க பி-29 விமானங்களின் குண்டுவீச்சில் எரிந்தது. தமியா குடும்பத்தின் தொழிலும் அதோடு அழிந்தது. 1946இல் அவர்கள் மரம் அரிகிற ஆலை ஒன்றைத் தொடங்கினார்கள். பிறகு மர மொடல்கள். 1960இல் முதல் பிளாஸ்டிக் கிட்டாக ‘யமாட்டோ’ போர்க்கப்பலைச் செய்தபோது, போட்டி நிறுவனம் அதே கப்பலை மலிவாக இறக்கியது. தமியா விலையைக் குறைத்து நட்டப்பட்டது. அதிலிருந்து மீண்டு, சில வருடங்களுக்குள் ‘பாந்தர்’ தாங்கியை மோட்டாரோடு ஓடுகிற மொடலாகச் செய்தார்கள். உள்ளே மோட்டாரும் பற்றரியும் அடங்க வேண்டும். அடங்குகிற அளவுக்கு உடலை வைத்துப் பிறகு கணக்குப் பார்த்தால், அது கிட்டத்தட்ட 1:35. இன்றைக்கு உலகம் முழுக்கப் படை வாகன மொடல்களின் பொது அளவு அதுதான். பெரிய ஆராய்ச்சி ஒன்றுமில்லை, கடையில் கிடைத்த பற்றரியின் பருமன் தீர்மானித்த அளவு!

மலிவு வழி சினிமாவுக்கும் போனது. 1965இல் வந்த ‘தண்டர்பேர்ட்ஸ்’ தொலைக்காட்சித் தொடருக்கு டெரெக் மெடிங்ஸின் குழு, கடையில் வாங்கிய கிட்களின் பாகங்களை ஒட்டித்தான் எதிர்கால வாகனங்களுக்கு நுணுக்கம் சேர்த்தது. 1977இல் ‘ஸ்டார் வோர்ஸ்’ விண்கலங்களிலும் அதே வேலை. தாங்கிகளின் சில்லுகள், கப்பல்களின் பீரங்கித் தட்டுகள் எல்லாம் விண்கலத்தின் உடம்பில் ஒட்டப்பட்டு, ஒரே நிறம் பூசப்பட்டன. நாங்கள் வாய் பிளந்து பார்த்த விண்வெளியின் ஒரு பகுதி உண்மையில் பொம்மைக் கடையின் மிச்சம்.

பிறகு சந்தை விழித்துக்கொண்டது. ஆட்கள் பற்பசை ரியூபில் வெட்டியதை அமிலத்தால் அரித்த பித்தளைத் தகடாகவும், ஸ்ப்ரூவில் இழைத்ததை ரெசின் வார்ப்பாகவும் நிறுவனங்கள் விற்கத் தொடங்கின. 1989இல் செக்கோஸ்லோவாக்கியாவில் தொடங்கிய ‘எட்வார்ட்’ இந்தத் துறையில் பெரிய பெயர். அவை அழகானவை, துல்லியமானவை, அதில் வாதமில்லை. ஆனால் சில வேளைகளில் நுணுக்கப் பாகங்களின் விலை கிட்டின் விலையையே தாண்டிவிடும். அதோடு ஓர் எண்ணமும் பரவியது: காசு இருந்தால்தான் நுணுக்கம் வரும் என்று. நாற்பது வருடம் குப்பையில் செய்து காட்டிய ஆட்களின் அறிவு, ‘வசதியில்லாதவர்களின் மாற்றுவழி’ ஆகிவிட்டது.

அதை மறுக்கத்தான் இவ்வளவும் எழுதினேன். இப்ப தொடங்க விரும்புகிறவருக்குத் தேவையானவை எங்கட வீட்டிலேயே இருக்கின்றன. இன்றைய பற்பசை ரியூப் பிளாஸ்டிக்காகிவிட்டது, ஆனால் பூச்சு மருந்து வருகிற அலுமினிய ரியூப் அதே வேலை செய்யும். பழைய ஹெட்போன் வயருக்குள் இருக்கிற செப்பு இழை எஞ்சினின் குழாய்களுக்கு. ஸ்ப்ரூவை நெருப்புக்குள் வைக்காதீர்கள், மேலே மட்டும் பிடியுங்கோ. பசை பாவிக்கும்போது மெழுகுதிரியை அணைத்து, யன்னலைத் திறந்து வையுங்கோ. முதல் ஐந்து தடவை நூல் அறும். ஆறாவது தடவை வரும்.

கடைசியாக, விட்ட இடத்துக்கு வருகிறேன். 1942இல் அமெரிக்க மாணவர்கள் செதுக்கிய மொடல்கள், விமானத்தைக் கீழே இருந்து பார்த்து அடையாளம் காண்பதற்கானவை. எங்கட பெற்றோரின் தலைமுறைக்கு வடக்கிலும் கிழக்கிலும் அந்த மொடல்கள் தேவைப்படவில்லை. புக்காராவா, கிபிரா, ஹெலியா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டுப் பங்கருக்குள் ஓடினார்கள். கிட் பெட்டியின் படத்தில் விமானம் எப்போதும் மேகத்துக்கு மேலேதான் பறக்கும். கீழே இருக்கிற வீடு அந்தப் படத்தில் வராது. எரிந்த நகரமான ஷிசுவோக்காவிலிருந்தே உலகத்தின் புகழ்பெற்ற போர் மொடல்கள் வருகின்றன என்பதை யோசிக்கும்போது, இந்தப் பொழுதுபோக்கை வெறும் விளையாட்டு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட ஒரு பங்கரை 1:72இல் எந்த நிறுவனமும் விற்பதை நான் கண்டதில்லை. அதன் வாசலில் ஓர் அங்குல உயரத்தில் நின்று வானத்தைப் பார்க்கிற ஓர் அம்மாவையும் கண்டதில்லை. அதை வேண்டுமென்றால் நாங்கள்தான் செய்ய வேண்டும். பனங்குற்றிக்கு, தடித்த ஸ்ப்ரூத் துண்டுகள் அளவாக இருக்கும். கத்தியின் பின்பக்கத்தால் வளையம் வளையமாகக் கீறி மண்ணிறம் பூசினால் போதும். ஆகவே அடுத்த கிட்டைச் செய்து முடிக்கும்போது, அந்தச் சட்டத்தை எறியாதீர்கள்.